பல்லாங்குழியில் பசு யாருக்கு? கடலூர், சிதம்பரம் சான்றுகளுடன் ஓர் ஆய்வு

பல்லாங்குழி இருவர் ஆட்டம் என்பது சட்டம். மூன்றாவதாகப் பக்கத்தில் உட்கார்ந்து, 'அந்தக் குழியை எடுடி' என்பவரைப் பற்றிச் சட்டம் வாய் திறப்பதில்லை.

பக்கத்துக்கு ஏழாக 14 குழி. குழிக்கு ஐந்தாக 70 முத்து. முத்து என்பது பெரும்பாலும் புளியங்கொட்டை. வசதியுள்ள வீட்டில் சோழி. தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அது வெறுங்குழியாக இருந்தால் தடவிவிட்டு, அதற்கடுத்த குழியில் குவிந்திருப்பதை வழித்துக்கொள்ளலாம். ஆட்டம் கை மாறும். இடையில் ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்தால் அது பசு.

பசு யாருக்கு? இங்கேதான் அறிஞர் உலகம் இரண்டாகப் பிளக்கிறது. குழி யார் பக்கமோ அவருக்கே என்பது ஒரு கட்சி. நான்காவது முத்தைப் போட்டவருக்கே என்பது எதிர்க்கட்சி. இந்த வாதத்தை எழுப்புவோர் எப்போதும் போட்டவராகவே இருப்பது கவனிக்கத்தக்கது.

எதிர்க்கட்சிக்குக் கடலூரில் வலுவான முன்னுதாரணம் உண்டு. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை, அதாவது பின்னாளைய புனித டேவிட் கோட்டையை, செஞ்சி மராட்டியரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவு வரையுள்ள ஊர்களும் சேர்த்தி என்பது பேச்சு. சுட்டார்கள், விழுந்தது, ஊர்கள் போயின. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் சாட்சி. அன்றைக்குக் கோட்டை வாசலில் ஒரு கிழவி குந்தியிருந்து, 'குழிக்காரருக்குத்தான் பசு' என்று சொல்லியிருந்தால், புனித டேவிட் கோட்டைக்குக் குண்டு நஷ்டம் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

வெறுங்குழிச் சிக்கலுக்குச் சிதம்பரம் போக வேண்டும். ஒன்றுமில்லாத குழியைத் தடவினால் வரவு எப்படி வரும்? மற்ற ஊர்க்காரர் மண்டையை உடைத்துக்கொள்ளலாம்; சிதம்பரத்தாருக்கு விளக்கவே வேண்டாம். ஐம்பூதத் தலங்களில் அது ஆகாயம். ரகசியம் என்று திரையை விலக்கிக் காட்டும் இடத்தில் உருவம் ஏதுமில்லை, தங்க வில்வ மாலைதான் தொங்குகிறது. அந்த ஊருக்கு ஒரு வெறுங்குழி எம்மாத்திரம்? ஆனால் அடுத்தடுத்து இரண்டு குழி வெறுமையானால் ஒன்றும் கிடைக்காது என்றும் விதி இருக்கிறதே, அதற்குத் தத்துவம் கேட்டால், சிதம்பரமும் பேச்சைக் கத்தரிக்காய் கொத்சு பக்கம் திருப்பிவிடும்.

சமமாகத் தொடங்கும் இந்த ஆட்டத்தில் தனிச்சொத்து முளைப்பதைப் பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் கண்டு எழுதினார். அது நிஜ ஆய்வு. தோற்றவர் மறு ஆட்டத்தில் கையிலுள்ள முத்துக்கேற்பக் குழி நிரப்பி, மிச்சத்தைக் காலியாக விட வேண்டும் என்ற விதியும் அவர் பக்கமே நிற்கிறது.

நமது ஆய்வின் தீர்ப்பு: பசு குழிக்காரருக்கே. மேல்முறையீடு செய்வோர் முதலில் 70 முத்தும் சரியாக இருக்கிறதா என்று எண்ணிவிட்டு வரவும், மடியில் இருப்பதையும் சேர்த்து.