கட்டியவர் பெயர் எங்கே?

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. திருப்பணி செய்த விபசித்து முனிவர், வேலைக்கு வந்தவர்களுக்கு வன்னி மரத்து இலையைத்தான் கூலியாகக் கொடுத்தாராம். உழைத்தவர் கையில் அது உழைப்புக்குத் தக்க பொன்னாக மாறும். ஓபி அடித்தவர் கையில் இலை இலையாகவே இருக்கும். பில் இல்லை, ஆடிட் இல்லை, மேலிடத்துச் சிபாரிசும் இல்லை.

இப்போது நடைமுறை மாறிவிட்டது. பொன் அட்வான்ஸாக முன்னாடியே போய்விடுகிறது. இலைதான் நமக்கு.

ஒரு மழைநாளில் வீட்டுத் தளத்தின் அடிப்பூச்சு பொத்தென்று விழுகிறது. அண்ணாந்து பார்த்தால் கம்பி துருப்பிடித்துத் தொங்குகிறது. ஊரைக் கேட்டால் ஒரே அறிவுரைதான்: "நல்ல ஆளாப் பார்த்து விடுங்க." மைக் கிடைத்த அதிகாரியும் அதையேதான் கொஞ்சம் சுத்தத் தமிழில் சொல்வார்: நம்பகமான ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுங்கள்.

நல்லது. எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அரசிடமே பாடம் கேட்போம். ஒப்பந்ததாரர்களோடு அதற்குத்தான் பழக்கம் அதிகம்.

அரசிடம் என்ன இல்லை? ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று 1998இலேயே சட்டம் போட்டாயிற்று. ஒப்பந்ததாரருக்குப் பதிவு உண்டு, வகுப்பு உண்டு. சால்வன்சி சான்றிதழ் உண்டு, முன்வைப்புத் தொகை உண்டு. உதவிப் பொறியாளரில் தொடங்கித் தலைமைப் பொறியாளர் வரை கண்கள் உண்டு. ஒவ்வொரு கன மீட்டரும் ஏற வேண்டிய அளவுப் புத்தகம் உண்டு. இத்தனை சல்லடையில் சலித்து எடுத்த முத்துக்களைப் பார்ப்போம்.

தளவானூர். விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு நடுவே தென்பெண்ணையில் 25 கோடி ரூபாய்க்கு மேல் கொட்டிக் கட்டிய தடுப்பணை. 2020இல் திறந்தார்கள். 2021 ஜனவரியில் உடைந்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் மிச்சத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தண்ணீரைத் தடுக்க வந்த அணையைத் தண்ணீருக்கு வழிவிடச் சொல்லி உடைக்க வேண்டியதாயிற்று.

புளியந்தோப்பு கே.பி. பார்க். ஏழைகளுக்கென்று சென்னையில் எழுப்பிய அடுக்குமாடி. 2021 ஆகஸ்டில் குடிவந்தவர்கள் சுவரில் கையை வைத்தார்கள். பூச்சு உதிர்ந்தது. பொறியாளர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். சென்னை ஐஐடி வந்து ஆராய்ந்தது. விரல் கண்டுபிடித்ததை உறுதிசெய்ய ஐஐடி தேவைப்பட்டது.

திருவண்ணாமலை மாவட்டத்து அகரம்பள்ளிப்பட்டு. சுமார் 16 கோடி ரூபாய்ப் பாலம். 2024 செப்டம்பரில் திறப்பு விழா, டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளம் அடித்துச் சென்றது. கணக்குக்கு மேல் தண்ணீர் வந்துவிட்டது என்றார்கள். ஆமாம், தண்ணீர் எஸ்டிமேட்டைப் படிக்காமல் வந்துவிட்டது. தப்பு அதன் மேல்தான்.

கட்சி பார்த்துச் சொல்லவில்லை. ஆட்சி மாறுகிறது. கலவை மாறவில்லை.

இப்போது நம் கூரைக்கு வருவோம். 2001க்கு முன்னால் அரசுத் திட்டங்களில் கட்டிக்கொடுத்த ஊரக வீடுகளில் 2.5 லட்சத்தைப் பழுது பார்க்க 2024-25இல் 2,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். வகுத்தால் வீட்டுக்குச் சராசரி 80,000. அடுத்த நிதிநிலை அறிக்கையில், பழுது பார்க்கவே முடியாத 25,000 வீடுகளை மறுபடி கட்ட 600 கோடி. கொடுக்கட்டும். தூங்குகிற பிள்ளை தலையில் தளம் விழக் கூடாது. ஆனால் இந்தக் காசைக் கொடுக்கும்போது ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டாமா? இவற்றைக் கட்டியது யார்? "திருப்திகரம்" என்று கையெழுத்திட்டது யார்? பில் பாஸ் செய்தது யார்?

குடியிருப்பவர் பராமரிக்கவில்லை என்பார்கள். பராமரிக்கக் காசிருந்தால் அவர் அரசு வீட்டுக்கு ஏன் மனுப் போடுகிறார்? அதே விருத்தாசலத்து மண்ணில் சோழ அரசி செம்பியன் மாதேவி எடுத்த கற்றளி ஆயிரம் மழைக்காலம் பார்த்துவிட்டு நிற்கிறது. நம் காலத்துத் தளத்துக்கு இருபத்தைந்து மழை போதும்.

இவ்வளவு பெரிய அரசுக்கே இந்தக் கதி என்றால் தனி ஆள் என்ன செய்வார்? வருகிற கான்ட்ராக்டர் முதலில் சொல்வது: "நம்ம வீடு மாதிரி நெனச்சுப் பண்ணிடறேன் சார்." சொன்னபடியே நினைத்துக்கொள்வார். நம் சிமெண்டு மூட்டையும் அவருக்கு அவர் வீட்டு மூட்டையாகத்தான் தெரியும்.

முறையான வேலை என்ன? உளுத்த கான்கிரீட்டைக் கெட்டியான பாகம் தெரியும்வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பியில் ஏறிய துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சுக் கொடுக்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். பிறகுதான் கலவை. அப்புறம் ஒரு வாரமாவது தண்ணீர் காட்ட வேண்டும். நடப்பது என்ன? துருவின் மேலேயே கலவையை அப்பி, மட்டப்பலகை இழுத்து, வெள்ளை அடித்து, பாக்கியை வாங்கிக்கொண்டு போவது. எம்-சாண்ட் என்று இறங்கிய லோடில் பாதி கிரஷர் டஸ்ட். அள்ளினால் விரலிடுக்கில் தூசியாக ஒட்டுகிறது. உள்ளே துரு சும்மா இருக்காது, ஊதும். அடுத்த ஐப்பசியில் பூச்சு மறுபடி தரைக்கு வரும். ஆள் மட்டும் வரமாட்டார்.

கொத்தனாரையும் சித்தாளையும் திட்டிப் பயனில்லை. சித்தாள் தலையில் சுமக்கிற சட்டியில் கமிஷன் கிடையாது. அது ஏசி காரில் போகிறது.

சட்டத்துக்குப் போவோமா? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டுவதையும் சேவை என்கிறது. வழக்குப் போடலாம். பில் எங்கே என்று கேட்பார்கள். "பில் வேணும்னா ஜிஎஸ்டி தனி சார்" என்று கான்ட்ராக்டர் அன்றைக்கே நம் வாயை அடைத்திருப்பார். ரெரா சட்டம் ஐந்தாண்டுப் பொறுப்பு பேசுகிறது. அது வீடு கட்டி விற்கிற நிறுவனங்களுக்கு. ஒழுகுகிற ஒற்றைத் தளம் அந்த வாசலுக்குள் நுழைய முடியாது. டீ ஆற்றுகிறவருக்குப் பதிவுச் சான்று கட்டாயம். நம் தூணைக் கொத்துகிறவருக்கு ஒரு உளியும் ஒரு செல்போனும் போதும்.

இதற்கு வழி சொன்னவர் சுந்தரர். இதே விருத்தாசலத்தில் சிவன் அவருக்கு 12,000 பொன் கொடுத்தார். மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்றார். கொடுத்தது கடவுள். வாங்கியவர் அவர் தோழர். அப்படியும் சுந்தரர் ஒரு துண்டை வெட்டி மச்சமாக வைத்துக்கொண்டார். திருவாரூரில் உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்தது. விடாமல் கேட்டார். சரியாயிற்று. சிவனுக்கே சாம்பிள் உண்டென்றால் கான்ட்ராக்டருக்கு என்ன விலக்கு?

ஆகவே நம்பகமானவரைத் தேடி அலைய வேண்டாம். நம்ப வேண்டிய அவசியமே வராத ஏற்பாட்டைச் செய்யுங்கள். எங்கெங்கே கொத்துவது, என்ன கம்பி, என்ன கலவை, எத்தனை நாள் தண்ணீர் என்று எழுதி வாங்குங்கள். கொத்திய பிறகு ஒரு போட்டோ, கம்பி தேய்த்த பிறகு ஒரு போட்டோ. வேலை முன்னால் நடக்கட்டும், பணம் பின்னால் வரட்டும். பத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் தாண்டும்வரை நிறுத்தி வையுங்கள். இதற்குக் கோபப்படுகிறவர் யாரென்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.

நாம் இதைச் செய்துகொள்வோம். அரசு? விருத்தாசலத்தில் பீங்கான் கோப்பை வாங்குகிறவர் விரலால் சுண்டிப் பார்க்கிறார். ஓசை சரியில்லை என்றால் கோப்பை திரும்ப அலமாரிக்குப் போகும். கோடிக்கணக்கில் வாங்குகிற அரசுக்கும் விரல் இருக்கிறது. கையெழுத்துப் போடவும் ரிப்பன் வெட்டவும் போக அதற்கு நேரம் இல்லை.

வேலை நடக்கும்போது வைக்கிற தகரப் பலகையில் ஒப்பந்ததாரர் பெயர் இருக்கும். வேலை முடிந்ததும் தகரம் காயலான் கடைக்குப் போய்விடும். கருங்கல்லில் நிலைப்பது திறந்து வைத்தவர், தலைமை வகித்தவர், முன்னிலை வகித்தவர் பெயர்கள்தான். கட்டடம் விழுந்தாலும் இந்தக் கல்வெட்டு மட்டும் விழுவதில்லை.

விருத்தாசலத்தில் அரசுக்கே பீங்கான் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. தொழிற்பேட்டையில் பொம்மையும் ஃப்யூஸ் கேரியரும் சுடுகிற சூளைகள் இருக்கின்றன. அவற்றில் பலகைகள் சுடட்டும். ஒப்பந்ததாரர் பெயர், வாங்கிய தொகை, அளவுப் புத்தகத்தில் கையெழுத்திட்ட பொறியாளர் பெயர், எத்தனை ஆண்டு தாங்கும் என்ற வாக்கு. சூளையில் சுட்ட எழுத்து ஆட்சி மாறினாலும் அழியாது. ஒவ்வொரு அரசு வீட்டு வாசலிலும் ஒன்றைப் பதிக்க வேண்டும் என்று டெண்டரிலேயே நிபந்தனை போடுங்கள்.

அதற்குப் பிறகும் எவர் வந்து விண்ணப்பம் வாங்குகிறாரோ, நாம் இத்தனை காலம் தேடிய நம்பகமான ஒப்பந்ததாரர் அவர்தான். வரிசை நீளமாக இருக்காது.