கோமாவுக்கு 96 மணி நேரம்

போன ஞாயிற்றுக்கிழமை பாலிசி விற்க வந்துவிட்டுப் போன என் மனைவியின் சித்தப்பா மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கேசரி சாப்பிட்டார். பாப்பாவை மடியில் வைத்துக் கொஞ்சினார். கொஞ்சிக்கொண்டே என்னைச் சாகடித்தார். "நாளைக்கே உங்களுக்கு ஒண்ணுன்னா, இந்தப் புள்ளைக்கு யாரு மாப்ளே?" எனக்குக் கேசரி இறங்கவில்லை.

சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் எந்த பாலிசி எடுக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்லிவிடுகிறேன். முதலில் மாமாவை முடித்துக்கொள்ளலாம்.

நான் கேட்டது டேர்ம் இன்ஷூரன்ஸ். ஒரு கோடிக்கு வருஷம் பதினைந்தாயிரம் போல ஆகும். மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "நீங்க செத்தாத்தானே வரும்? சாகலைன்னா கட்டின காசு போச்சே!" நான் உயிரோடு இருப்பதை நஷ்டக் கணக்கில் எழுதிய முதல் உறவினர் அவர். அவர் நீட்டியது எண்டோமென்ட். வருஷம் ஒரு லட்சம் கட்டினால் பத்து லட்சத்துக்கு கவரேஜ். எங்கள் வீட்டுச் செலவு மாதம் 50,000. பத்து லட்சம் இருபது மாதம் ஓடும். அதற்குள் பாப்பா யுகேஜி முடித்திருப்பாள், அவ்வளவுதான். "ஆனா இருந்தா போனஸோட திரும்ப வருதே!" என்றார். அடுப்படியிலிருந்து, "அது நல்லதுதானே?" என்று இன்னொரு குரல்.

வரி மிச்சம் என்று ஆரம்பித்தார். நான் புதிய வரிமுறைக்கு மாறியாயிற்று, அதில் 80சி கிடையாது என்றேன். சளைக்கவில்லை. தனிநபர் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் போய்விட்டதல்லவா, அதைத் தானே டெல்லிக்கு நடந்து எனக்காக வாங்கிவந்த மாதிரி சொன்னார்.

அவர் போனபிறகு, டேர்மோடு, தீவிர நோய் வந்தால் பணம் தரும் ரைடரையும் சேர்க்கலாமே என்று விதிமுறைகளை எடுத்து உட்கார்ந்தேன். அங்கேதான் புரிந்தது: நோய் வந்தால் மட்டும் போதாது, அந்த நோய் பாஸ் பண்ணவும் வேண்டும்.

கோமாவை எடுத்துக்கொள்வோம். தொடர்ந்து 96 மணி நேரம் எந்தத் தூண்டலுக்கும் அசையக் கூடாது. தொடர்ந்து! 95ஆவது மணியில் மாமா சாத்துக்குடியோடு வந்து, காதருகே குனிந்து "மாப்ளே, எண்டோமென்ட்" என்று சொல்லி, என் கட்டைவிரல் லேசாகத் துடித்துவிட்டால் தீர்ந்தது கதை. மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். மனைவி ஐசியூ வாசலிலேயே சொந்தங்களை மறித்து நிற்க வேண்டியதுதான். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு சித்தப்பா, அப்புறம் கூப்பிட்டுப் பாருங்க." 96 தாண்டினாலும் விடமாட்டார்கள், முப்பது நாள் கழித்துப் பார்க்கும்போது நரம்புப் பாதிப்பு நிரந்தரம் என்று தெரிய வேண்டும். முழுசாகத் தெளிந்து எழுந்து காபி கேட்டேனானால் பணம் அம்பேல். பக்கவாதமா? பாதிப்பு மூன்று மாதமாவது நீடித்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பிசியோதெரபிஸ்ட் கெட்டிக்காரராக வாய்த்தால் நமக்குத்தான் நஷ்டம். சிறுநீரகம் என்றால் இரண்டுமே கைவிட வேண்டும். ஒன்று மட்டும் விசுவாசமாக உழைத்துக்கொண்டிருந்தால் அது குடும்பத் துரோகி. இதயத்தில் அடைப்பா? பைபாஸுக்குப் பணம் உண்டு. ஆஞ்சியோபிளாஸ்டி அந்த வரையறையில் விலக்கு. ஆகவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும்போதே, "ஸ்டென்ட் வேணாம் டாக்டர், பெரிசாவே பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு விழ வேண்டும். புற்றுநோயைச் சீக்கிரமே கண்டுபிடியுங்கள் என்று ஊரெல்லாம் போஸ்டர். அது பிறந்த இடத்தை விட்டு நகராமல் இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டால் வரையறைக்குள் வராது.

எடுத்த முதல் 90 நாளுக்குள் நோய் வரக் கூடாது. வந்தபின், பல பாலிசிகளில் 30 நாள் உயிரோடு இருந்து காட்ட வேண்டும். 29ஆம் நாள் போனால் ரைடர் பணம் இல்லை, டேர்ம் பணம் மட்டும். கட்டிலைச் சுற்றி நிற்பவர்களின் முகங்களை யோசித்துப் பார்த்தேன். காலண்டர் யார் கையில் இருக்கும்?

விளையாட்டாகத்தான் எழுதுகிறேன். ஆனால் இந்த வரிகளையெல்லாம் முதல்முறையாக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். கேசரி சாப்பிடும்போதே வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைந்துவிடும்? "எல்லா நோயும் கவராகுது மாப்ளே." எல்லாமாம்!

சரி, எந்த பாலிசி என்று சொல்ல வந்தேன். அதற்குள் மனைவி விண்ணப்பத்தைப் பிடுங்கிக்கொண்டாள். 1874ஆம் வருஷத்து மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின்கீழ் எடுத்தால், வருகிற பணம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான். கடன்காரனும் தொட முடியாது, கணவனும் தொட முடியாது. அத்தனை பக்கத்தில் அவள் நிதானமாகப் படித்தது இந்த ஒரு பத்திதான்.

"இதுக்கு டிக் எங்கங்க போடணும்?"