அளவுநாடா அரசாங்கம்

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் கட்டடங்களை மேலே மேலே அடுக்கினார்களே தவிர, பக்கத்தில் இடம் விடவில்லை. கையை நீட்டினால் ஒரு பள்ளிக்கூடம், காலை நீட்டினால் ஒரு மூலைக்கடை. இப்படிப்பட்ட இடத்தில் ஒன்ராறியோ அரசாங்கம் அளவுநாடாவோடு நீதி வழங்குகிறது.

2018 ஒக்ரோபர் 17 முதல் கனடாவில் கஞ்சா சட்டபூர்வம். ஒன்ராறியோவில் கஞ்சாக் கடை பள்ளிக்கூடத்திலிருந்து 150 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும். மொத்த வியாபாரி யாரென்று கேட்கிறீர்களா? மாகாண அரசேதான்! போதை ஊசி போடுகிறவர் செத்துப்போகாமல் தாதி பார்த்துக்கொள்ளும் நிலையமோ 200 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்று 2024இல் சட்டம் வந்தது. மறு வருடம் மார்ச்சோடு பல நிலையங்களுக்குப் பூட்டு. ஆக, கஞ்சாவைவிடத் தாதி 50 மீற்றர் கூடுதல் ஆபத்தானவர். பியர்? 2024 செப்டெம்பரிலிருந்து மூலைக்கடையில் பாலுக்குப் பக்கத்தில் குளிர்காய்கிறது. அங்கே நாடா எட்டவில்லை போலும்.

வீதிப் பாதுகாப்புக்கும் குறையில்லை. வேகம் பிடிக்கும் கமராக்கள் காசு பறிக்கின்றன என்று மாகாண முதல்வர் டக் ஃபோர்டின் அரசு 2025 நவம்பரில் அவற்றைத் தடைசெய்தது.

மேல்மாடி அண்ணைக்கு 63 வயது, வேலைத்தலக் காப்புறுதி கிடையாது. வைத்தியரைப் பார்க்க மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் காசு கட்டும். வைத்தியர் எழுதித் தந்த பிரஷர் குளிசைக்குக் கட்டாது. அதற்கு 65 ஆகவேண்டும். அதுவரை பிரஷர் ஏறாமலிருக்க அண்ணை ஒரு வழி கண்டிருக்கிறார்: மாகாணச் செய்தி பார்ப்பதில்லை.