குட்டியா, வளர்ந்த நாயா? ஓர் ஆராய்ச்சி

ஒரு கிருகஸ்தர் தம் இல்லத்துக்கு நாயொன்று வேண்டும் என்று நிச்சயித்துவிட்ட பிறகு, அது கண் திறந்து சில வாரங்களே ஆன குட்டியாக இருக்கவேண்டுமா, அல்லது உலகத்தை ஓரளவு பார்த்து, பற்களும் அபிப்பிராயங்களும் முளைத்துவிட்ட வளர்ந்த நாயாக இருக்கவேண்டுமா என்னும் பிரச்னை, நம் தர்க்க நூலார் எவரும் தொடாமல் விட்டுவைத்த ஒன்று. ஆத்மா உண்டா, இல்லையா என்று நூற்றாண்டுக் கணக்கில் வாதித்தவர்கள், வாசலில் படுத்திருக்க வேண்டியதன் வயதைப் பற்றி மட்டும் வாய் திறக்காமல் போனது நமக்கு நேர்ந்த நஷ்டம். அதை இயன்ற அளவு ஈடுசெய்ய இங்கே முற்படுகிறோம்.

குட்டியையே கொண்டுவரவேண்டும் என்பவர்களைத் தத்துவ ரீதியில் ஆராய்ந்தால், அவர்கள் தங்களை அறியாமலே நையாயிகர்கள் என்பது தெரியவரும். களிமண்ணில் குடம் முன்னமே இருந்ததில்லை, குயவன் கைபட்டுப் புதிதாக உண்டாயிற்று என்பது நியாய தரிசனத்தின் கொள்கை. குட்டிக்குள்ளும் இன்ன நாய் என்று எதுவும் இல்லை, நாம் சொல்லிக்கொடுப்பதே அதன் சுபாவமாகும் என்று இவர்கள் நம்புகிறார்கள். வளர்ந்த நாயை ஆதரிப்பவர்களோ சாங்கியரையும் நம் சைவ சித்தாந்திகளையும் சார்ந்த சற்காரியவாதிகள். காரியம் காரணத்தில் முன்பே அடங்கியிருக்கிறது. ஆகையால் சோபாவைக் கிழிக்கப்போகும் நாய் கையளவு குட்டிக்குள் கண்மூடித் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எப்படியும் வெளிப்படப்போவதை வெளிப்பட்ட பிறகே பார்த்து எடுத்துக்கொள்வது விவேகம் என்பது அவர்கள் வாதம். சிப்பிப்பாறைக் குட்டியொன்றைச் சென்னையில் ஒரு மூன்றாவது மாடி வீட்டில் வைத்துச் சாந்த குணத்தைப் போதித்தவர்கள், முயலை விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்ட அந்தக் கால்கள் ஒரு வருஷத்துக்குள் கூடத்தை எவ்வாறு உபயோகிக்கின்றன என்பதைக் கண்டபின், தரிசனம் மாறிச் சற்காரியவாதத்தில் சேர்ந்துவிடுவது வழக்கம்.

குட்டிப் பக்ஷத்தார் தங்களுக்கு அனுகூலமாகக் காட்டக்கூடிய தலையாய சான்று யவன தேசத்திலிருந்து வருகிறது. ஹோமரின் காவியத்தில் ஒடிஸியஸ் இருபது ஆண்டுகள் கழித்துப் பிச்சைக்காரன் வேஷத்தில் வீடு திரும்பியபோது, மனைவியும் கண்டுகொள்ளாத அவனை ஆர்கோஸ் என்னும் நாய் கண்டுகொண்டு, வாலை ஆட்டி, உயிரையும் விட்டது. அவனே வளர்த்த நாய் அது. ஆயினும் அதே இடத்தைச் சற்று நிதானமாகப் படித்தால், வளர்த்தவன் அதனால் யாதொரு பிரயோஜனமும் அடையுமுன் டிராய்க்குக் கப்பலேறிவிட்டான் என்பதும், மானும் முயலும் வேட்டையாட அதை அழைத்துப் போனவர்கள் ஊர் இளைஞர்கள் என்பதும் விளங்கும். குட்டியால் சிரமப்படுகிறவர் ஒருவர், நாயை அனுபவிக்கிறவர் வேறொருவர் என்னும் இந்த நியதியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும், பின்னால் பயன்படும்.

மறு பக்ஷத்தாருக்கு மகாபாரதம் இருக்கிறது. தருமர் மகாப்பிரஸ்தானம் புறப்பட்டபோது பின்தொடர்ந்த நாயை அவர் வளர்த்ததாகக் கதையில் இல்லை. அது தானாகவே வந்து சேர்ந்துகொண்டது. திரௌபதியும் தம்பிமாரும் ஒவ்வொருவராக வழியில் விழ, இமயத்தைக் கடந்தும் தளராமல் நடந்துவந்த அதன் கால்வலிமை ஒன்றே அது குட்டியல்ல என்பதற்குப் போதிய ஆதாரம். அந்த நாயை விட்டுவிட்டு ரதத்தில் ஏறமாட்டேன் என்று அவர் இந்திரனிடம் மறுத்ததும், அது தர்மதேவதையாக வெளிப்பட்டதும் எல்லோரும் அறிந்தவை. எல்லோரும் கவனிக்கத் தவறியது, ராஜ்யத்தை ஒப்படைத்துவிட்டு வெளியேறும் வயதில் ஒருவர் புதிதாக நாய் சேர்த்துக்கொள்வதானால் வளர்ந்த நாயே உசிதம் என்னும் நடைமுறை அம்சம். ஓய்வூதியம் கைக்கு வந்ததும் முதல் காரியமாக லாப்ரடார் குட்டிக்கு முன்பணம் கட்டும் பெரியோர்கள் மகாப்பிரஸ்தானிக பர்வத்தை ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நல்லது. சோவியத் விஞ்ஞானிகளும் 1957 நவம்பர் 3 அன்று ஸ்புட்னிக் 2 கலத்தில் அனுப்பக் குட்டியைத் தேடவில்லை. குளிரும் பசியும் பழகிய, ஏறத்தாழ மூன்று வயதான லைக்காவை மாஸ்கோ தெருவிலிருந்துதான் எடுத்தார்கள். அதைத் திரும்பக் கொண்டுவர ஏற்பாடு செய்யாதது வேறு விஷயம். அதற்காக அவர்களை நாம் மன்னிக்கவேண்டியதில்லை.

சட்டத்தின் பக்கம் திரும்பினால், எதிர்பாராத விதமாகக் குட்டிப் பக்ஷத்தின் கை ஓங்குகிறது. 1956-ஆம் வருஷத்து இந்து சுவீகார, ஜீவனாம்சச் சட்டத்தின்படி, பதினைந்து வயது பூர்த்தியாகாதவரையே தத்து எடுக்கலாம். இதை நாய்க்குப் பொருத்தவேண்டுமானால் முதலில் அதன் வயதை மனுஷ வயதாக மாற்றவேண்டும். நாயின் ஒரு வருஷம் நமக்கு ஏழு வருஷம் என்னும் பாமரக் கணக்கு இப்போது செல்லாது. சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், லாப்ரடார் நாய்களின் மரபணுவில் வயதோடு உண்டாகும் ரசாயன மாறுதல்களை மனிதருடையவற்றோடு ஒப்பிட்டு, 2020-இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள்: நாயின் வயதுக்கு இயற்கை மடக்கை கண்டு, அதை 16-ஆல் பெருக்கி, 31-ஐக் கூட்டவேண்டும். அதன்படி ஒரு வயது நாய்க்கு முப்பத்தொன்று. இரண்டு வயது நாய்க்கு நாற்பத்திரண்டு. நான்கு வயது நாய்க்கு ஐம்பத்துமூன்று. பதினைந்து என்னும் சட்ட வரம்பு நூற்று முப்பத்துநான்காம் நாளிலேயே, அதாவது நான்கரை மாதம் நிறையுமுன்னரே, கடந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, ஓர் ஆடவர் பெண்பாலைத் தத்தெடுத்தால் அவர் இருபத்தொரு வயதாவது மூத்தவராக இருக்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. நான்கு வயதுப் பெண் நாயை விரும்புகிற ஆடவர் எழுபத்துநான்கு வயது வரையில் பொறுத்திருக்கவேண்டியதுதான். நல்லவேளையாக, குலவழக்கம் அனுமதித்தால் பதினைந்துக்கு மேற்பட்டவரையும் தத்தெடுக்கலாம் என்று சட்டமே ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. வளர்ந்த நாய் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறது.

இச்சூத்திரத்தில் குட்டிப் பக்ஷத்தார் உற்றுநோக்கவேண்டிய சங்கதி இன்னொன்று உண்டு. இன்று கூடைக்குள் அடங்கும் உருப்படி, அடுத்த வருஷம் இதே நாளில் வீட்டுத் தலைப்பிள்ளையைவிட மூத்ததாகிவிடும். குட்டி என்பது சில மாதங்களே நீடிக்கும் ஓர் அவஸ்தை. அந்தச் சில மாதங்களும் எத்தகையவை என்றால், அவற்றில் சாஸ்திரமும் வைத்தியமும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னும் ஊரில் பல ஆண்டுகள் நாய்களை ஆராய்ந்து 1965-இல் நூல் வெளியிட்ட ஸ்காட், ஃபுல்லர் என்னும் இருவர், மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையில் குட்டி எவற்றையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ அவற்றுக்கே பிற்காலத்தில் அஞ்சாது என்று ஸ்தாபித்தார்கள். ஆதலால் அதற்கு ஆட்டோவையும் மேளத்தையும் குடை பிடித்து வருபவரையும் உடனே காட்டவேண்டும் என்கிறது சாஸ்திரம். பார்வோ முதலிய நோய்களுக்கான தடுப்பூசிகள் பதினாறாம் வாரம் வரையில் தொடர்வதால், அதுவரை தெருமண்ணில் கால் வைக்கவே விடாதீர்கள் என்கிறார் வைத்தியர். இரண்டு கட்டளைகளையும் ஏககாலத்தில் நிறைவேற்ற ஒரே உபாயம், குட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வீதிவலம் வருவது. உற்சவ மூர்த்திகளைத் தவிர வேறு எவருக்கும் நாம் அந்த மரியாதை செய்வதில்லை. இதற்கிடையே இருபத்தெட்டுப் பால்பற்கள் விழுந்து நாற்பத்திரண்டு பற்கள் முளைக்கும் கைங்கரியமும் நடைபெறுகிறது. அதற்கு வேண்டிய தோல் பொருள்களை வாசற்படியில் கழற்றிவிடப்பட்ட செருப்புகள் வழங்குகின்றன.

இனிப் பிரமாணங்களை எடுத்துக்கொள்வோம். குட்டியின் எதிர்காலத்தை அறிவதற்கு உள்ளவை அனுமானமும் சப்தமும் மட்டுமே. தாயைப் பார்த்து அனுமானிக்கலாம். தகப்பனோ, குட்டி வாங்கப் போகிற சமயத்திலெல்லாம் எங்கேயோ கண்காட்சிக்குப் போயிருக்கிறது. எஞ்சியது விற்பவர் வாக்கு. அதை ஆப்த வாக்கியம் என்று கொள்ளலாமா என்பதை, வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம் குட்டியை வாங்கிவந்து, பெயர் சொல்லி அழைத்து அழைத்துத் தொண்டை வறண்டபின், அந்த இனத்தில் பிறவிச் செவிடு அடிக்கடி நேரும் என்று மருத்துவர் சொல்லிக் கேட்டவர்களே சொல்லவேண்டும். வளர்ந்த நாய்க்கு மட்டுமே பிரத்தியக்ஷம் உண்டு என்று மறு பக்ஷத்தார் இங்கே வெற்றி முரசு கொட்டுவார்கள். ஆனால் அந்தப் பிரத்தியக்ஷமும் பிரமைக்கு இடமானது. சென்னையில் கேப்டன் சுந்தரம் 1959-இல் ஆரம்பித்த ப்ளூ கிராஸ் போன்ற காப்பகங்களில், நூறு நாய்களின் குரைப்புக்கு நடுவே மூலையில் ஒடுங்கியிருக்கும் நாயைப் பார்த்து மகாசாது என்று முடிவுகட்டுபவர், பயத்தைச் சுபாவமாகக் கண்டவரே. வீட்டுக்கு வந்ததும் முதல் சில நாட்கள் அது கட்டிலுக்கடியிலேயே வாசம் செய்யும். சில வாரங்களில் காபி வேளையையும் பால்காரர் வரும் வேளையையும் மனப்பாடம் செய்துகொள்ளும். தன் வீடு இது என்று அது தீர்மானிப்பதற்குச் சில மாதங்கள் ஆகலாம். உண்மையான சுபாவம் அப்போதுதான் கட்டிலை விட்டு வெளியே வரும். பால்காரர் அதை முதலில் அறிவார்.

ஆகவே இரு பக்ஷத்தாரும் அறியாததையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்றாகிறது, பேதம் தரையில்தான். இரண்டு மாதக் குட்டிக்கு நீரை அடக்கும் சக்தி இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் கிடையாது; இரவென்றும் பகலென்றும் அது பேதம் பாராட்டுவதில்லை. வளர்ந்த நாய் வெளியே போகவேண்டும் என்பதை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டு, கதவருகே நின்று தெரிவிக்கும். இங்கேதான் ஆர்கோஸ் நியதி பயன்படுகிறது. நாமறிந்த குடும்பங்களில் குட்டிதான் வேண்டும் என்று வாதிட்டவர்கள் யாவரும் நியாயம், அழகு, குழந்தைகளின் மனோவிகாசம் ஆகிய துறைகளில் தேர்ந்தவர்கள்; விடியற்காலை மூன்று மணிக்குத் தரை துடைக்கும் துணியை எடுத்தவர் அவர்களுள் ஒருவரும் இல்லை. எனவே இவ்விஷயத்தில் வாக்குரிமை அந்தத் துணியைக் கையில் எடுப்பவருக்கே உரியது என்றும், ஏனையோர் ஆலோசனை மட்டுமே கூறலாம் என்றும் நிர்ணயிக்கிறோம். இந்த விதி அமலுக்கு வந்த வீடுகளில் விவாதம் ஒரே மாலையில் முடிந்திருக்கிறது. வளர்ந்த நாய் வந்திருக்கிறது. அல்லது எதுவுமே வரவில்லை.