அரணைக்கு அரண்மனை

சிட்னியின் மேற்குப் புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டில் ஒருவருக்கு மட்டும் ஒரே அறைக்குள் கோடையும் குளிர்காலமும் சேர்ந்து கிடைக்கின்றன. அவர் பெயர் மணி. மணி ஓர் அரணை. ஊரில் நாய்க்கு வைக்கிற பெயரை இதற்கு ஏன் வைத்தாய் என்று மகளைக் கேட்டால், "நாய் வாங்கித் தர மாட்டேன்னு சொன்னீங்கல்ல" என்கிறாள். அதற்கு மேல் விசாரிப்பது குடும்ப அமைதிக்கு நல்லதல்ல.

நம்மூர் அரணையை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது விறகடுக்கின் ஓரமாகச் சரசரவென்று ஓடி மறைந்துவிடும். இது ஆஸ்திரேலியாவின் நீலநாக்கு அரணை. விளைந்த வெள்ளரிக்காய்க்கு அவசரமாக நாலு குட்டைக் கால் ஒட்டின உருவம். வாலோடு அளந்தால் 50 சென்டிமீட்டரைத் தாண்டும். ஓட்டம் அதற்குச் சரிப்படாது. ஆங்கிலேயரின் முதல் குடியேற்றக் கப்பல்களோடு 1788-ல் இங்கே வந்த மருத்துவர் ஜான் வைட்டின் பயண நூலில், 1790-லேயே இதற்கு இடம் கிடைத்துவிட்டது. அவ்வளவு பழைய குடி. ஆனாலும் நான் இந்த நாட்டில் இருக்க ஒரு காகிதம் வேண்டும் என்றால், மணி என் வீட்டில் இருக்கவும் ஒரு காகிதம் வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் ஊர்வன வளர்க்க உரிமம் கட்டாயம். தோட்டத்தில் திரிகிறதே என்று பிடித்து உள்ளே விட முடியாது. வளர்ப்பில் பிறந்த குட்டியைத்தான் முறைப்படி வாங்க வேண்டும். குட்டி என்று தெரிந்துதான் சொல்கிறேன். இந்த இனம் முட்டையிடாது, குட்டி போடும்.

கோடையும் குளிர்காலமும் சேர்ந்த அந்த அறைக்கு, அதாவது மணியின் கண்ணாடிக் கூண்டுக்கு வருவோம். ஒரு கோடியில் விளக்கின் கீழே 35 டிகிரி, மறுகோடியில் 25-க்குள். தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத பிராணி என்பதால், வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய்த்தான் அது சமாளிக்கும். போதுமான சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. ஜூலை மாதத்தில் நாங்கள் கரண்ட் பில்லை நினைத்து ஹீட்டரை அணைத்துவிட்டு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்போம். மணி ஒரு தட்டைக்கல்லின் மேல் வயிற்றைப் பரப்பி, பின்னங்கால்களை நீட்டி, குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டவர் தோரணையில் கிடக்கும்.

புற ஊதா ட்யூப் லைட் ஒன்றும் உண்டு. அது இல்லாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி சரியாக ஊறாது, கால்சியம் சேராது, எலும்பு வளைந்துவிடும். இதில் எனக்குப் பெரிய மனக்குறை இருக்கிறது. அந்த ட்யூப் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள், கழற்றிவிட்டுப் புதிது போட வேண்டும். வெளிச்சம் வரும், புற ஊதாக் கதிர் குறைந்து போயிருக்குமாம். எரிகிற விளக்கைக் குப்பையில் போடக் கை வராத பரம்பரை என்னுடையது. பழைய ட்யூப்கள் கராஜில் வரிசையாக நிற்கின்றன. எதற்கு என்று மனைவி கேட்கிறாள். ஏதாவதற்கு ஆகும்.

பாளையங்கோட்டையிலிருந்து அத்தை வந்திருந்தார். கூண்டைப் பார்த்ததும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, மாப்பிள்ளை அல்லவா? தன் மகளிடம், அதாவது என் மனைவியிடம், திரும்பினார். "ஏட்டி, அரணை கடிச்சா மரணம்னு சொல்லுவாங்கல்லா? பச்சப்பிள்ள இருக்க வீட்டுல இதென்னட்டி?"

அரணைக்கு விஷமே கிடையாது அத்தை என்றேன். நீலநாக்கு கடித்தால் வலிக்கும். நத்தை ஓட்டையே நொறுக்குகிற தாடை. அவ்வளவுதான். அத்தை குனிந்து பார்த்தார். மணி வாயை ஆவென்று திறந்து, உஸ்ஸென்று சீறி, முழு நாக்கையும் வெளியே தள்ளியது. பேனா மையைக் குடித்துவிட்டு வந்த மாதிரி அப்படியொரு நீலம். பருந்தையும் பாம்பையும் திகைக்க வைக்கத்தான் அந்த நாக்கு. பாளையங்கோட்டை திகைக்கவில்லை. "பல்லு விளக்குறதில்லையோ?" என்றார்.

மறுநாளே சமையல் அதிகாரம் அத்தையிடம் போய்விட்டது. வளர்ந்த அரணைக்கு வாரத்தில் இரண்டு மூன்று வேளை சாப்பாடு போதும் என்பதை அவர் ஏற்கவே இல்லை. பட்டினி போட்டுக் கொல்கிறோமாம். பூசணியைத் துருவலாகச் சீவினார். அவித்த முட்டையை உதிர்த்தார். வெங்காயமும் அவகாடோவும் ஆகாது என்று சொல்லி வைத்தேன். தோட்டத்து நத்தையும் கூடாது, அக்கம்பக்கத்தில் நத்தை மருந்து தூவியிருப்பார்கள். எல்லாம் கேட்டுக்கொண்டவர், "மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு பத்தியம் பார்த்ததில்லையே" என்றார். உண்மைதான். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு யாரும் பூசணி சீவியதில்லை.

மத்தியானங்களில் கூண்டின் முன்னால் நாற்காலி போட்டு ஊர்க்கதை சொல்வார். வீட்டுப் பல்லியைப் போலன்றி அரணைக்கு மூடித் திறக்கும் இமை உண்டு. மணி பாதிக் கதையில் மெதுவாகக் கீழிமையை ஏற்றிக் கண்ணை மூடிக்கொள்ளும். நான் அப்படிச் செய்திருந்தால் என் கதி என்ன?

ஆசைப்பட்டு வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் நீலநாக்கு 20 வருஷம் இருக்கும். கடைக்குப் போகுமுன் உங்கள் வயதோடு 20-ஐக் கூட்டுங்கள். விடையை வீட்டில் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சம்மதம் என்றால், முதலில் உரிமத்துக்கு எழுதிப் போடுங்கள். ட்யூப் லைட் மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். கராஜில் இருப்பதெல்லாம் பழசு.