பத்தில் ஒன்பது பேரின் பத்திரிகை

பங்குச் சந்தைப் பத்திரிகைகளில் ஒரே பொய்யாக இருக்கிறது என்று யாராவது குறைபட்டால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள், எவ்வளவு நேர்மை! ‘முதலீடுகள் சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை’ என்று, பூதக்கண்ணாடி வைத்திருப்பவர்களுக்காகவாவது அடியில் அச்சடித்திருக்கிறார்கள். தரகு நிறுவனத்தின் செயலிக்குள் நுழைந்தால் இன்னும் வெளிப்படை. எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர, ஆப்ஷன் வர்த்தகத்தில் இறங்கும் தனிநபர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நஷ்டப்படுகிறார்கள் என்று வாசலிலேயே பெட்டி கட்டிச் சொல்கிறார்கள். 2023 ஜூலையிலிருந்து சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அப்படிச் சொல்ல வைத்திருக்கிறது. கழுத்தில் கை வைத்த பிறகு வந்த உண்மைதான்; இருந்தாலும் உண்மை.

அந்தக் கை எட்டாத இடம் ஒன்று உண்டு: விளம்பரத்துக்கு எதிர்ப்பக்கம். அங்கே ஆசிரியர் குழு இருக்கிறது, பத்திரிகைச் சுதந்திரம் இருக்கிறது, ‘இந்த வார எக்ஸ்பைரியில் லாபம் அள்ள மூன்று உத்திகள்’ இருக்கிறது. பத்தில் ஒன்பது மட்டும் இல்லை.

2024 செப்டம்பரில் செபி ஒரு கணக்கை வெளியிட்டது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ ஆடிய தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம். மொத்தமாகப் போனது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஆடியவர்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்குக் கீழே என்று காட்டியவர்கள். இந்த மூன்றாண்டில் பரிவர்த்தனைச் செலவு மட்டும் ஏறத்தாழ 50,000 கோடி. அதில் பாதி தரகு. தரகிலிருந்து விளம்பர பட்ஜெட், பட்ஜெட்டிலிருந்து பின்னட்டை, பின்னட்டையிலிருந்து ஆசிரியருக்குச் சம்பளம். நகையை அடகு வைத்து மார்ஜின் கட்டியவனின் காசில் அச்சாகிற ஏட்டில், அவனைப் பற்றி எழுத மட்டும் இடம் கிடையாது. எழுதினால் விளம்பரதாரர் மனம் நோகும். அதனால் ஜெயித்தவர் அட்டைப்படத்துக்கு வருகிறார்: ‘வேலையை உதறினேன், டிரேடிங்கில் வென்றேன்!’ அவர் நடத்தும் பயிற்சி வகுப்பின் விளம்பரம் உள்ளே முழுப்பக்கம். தற்செயல்.

எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்றும் அதே அறிக்கையில் இருக்கிறது. 2023-24இல் லாபம் பார்த்தவை தரகு நிறுவனங்களின் சொந்தக் கணக்குகளும் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களும். அந்த லாபத்தில் நூற்றுக்கு 96, 97 பங்கு அல்கோ எந்திரங்கள் ஈட்டியது. நொடிக்குள் ஆயிரம் ஆர்டர் போடும் எந்திரத்தோடு மோத நம் வாசகனுக்குத் தரும் ஆயுதம், சிவப்புக் கோடு இழுத்த ஒரு கேண்டில் படம்! கீழே சப்போர்ட், மேலே ரெசிஸ்டன்ஸ், நடுவில் அவன். அவன் தோற்றால் அடுத்த இதழில் காரணம் தயார்: அவனுக்கு ஒழுக்கம் போதவில்லை, ஸ்டாப்லாஸ் போடவில்லை, மனதைக் கட்டுப்படுத்தவில்லை. டார்கெட் சொன்னவருக்கு எதுவும் போதாமல் போனதே இல்லை.

இதெல்லாம் சில்லறை. மொத்த வியாபாரம் பார்க்க வேண்டுமானால் டைம்ஸ் குழுமம் கண்டுபிடித்த ‘பிரைவேட் ட்ரீட்டி’ திட்டத்துக்குப் போக வேண்டும். விளம்பரத்துக்குப் பணம் வேண்டாம், உங்கள் கம்பெனிப் பங்கைக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறவரே பங்குதாரர், விலை ஏறினால் இருவருக்கும் தீபாவளி. மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் விசாரிக்கிற கதைதான். 2009இல் செபி பிரஸ் கவுன்சிலுக்கு எழுதியது. அப்படிப் பங்கு வைத்திருந்தால் அந்த நிறுவனம் பற்றிய செய்தியிலேயே சொல்லியாக வேண்டும் என்பது 2010 ஆகஸ்டில் கட்டாயமானது. எங்கள் முதலாளிக்கு இதில் காசு இருக்கிறது என்று ஒரு வரி எழுத, அறம் பேசும் ஒரு தொழிலுக்கு ஓர் உத்தரவு தேவைப்பட்டிருக்கிறது!

அதே ஆண்டு, காசுக்குச் செய்தி போடும் வழக்கத்தை பிரஸ் கவுன்சிலுக்காக விசாரித்த பரஞ்சோய் குஹா தாகுர்தாவும் கே. ஸ்ரீனிவாஸ் ரெட்டியும் ஏடுகளின் பெயர்களைச் சொல்லி 71 பக்கம் எழுதிக் கொடுத்தார்கள். பிரஸ் கவுன்சில் பெயர்களை விழுங்கிவிட்டு ஒரு சுருக்கத்தை வெளியிட்டது. முழு அறிக்கை வெளிச்சம் கண்டது 2011இல், மத்தியத் தகவல் ஆணையம் சொன்ன பிறகு. ஊர்க்காரன் ஊழலென்றால் முதல் பக்கம். நம் ஊழலென்றால் சுருக்கம்.

தொலைக்காட்சி இன்னும் வேகம். ஒரு வணிகச் சானலின் விருந்தினர் நிபுணர்கள் திரையில் சொல்லவிருந்த பரிந்துரைகளை வேண்டியவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்தார்கள் என்பது செபியின் குற்றச்சாட்டு. 2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவு போட்டு 7.41 கோடி ரூபாயை முடக்கியது.

போன வாரம் சொன்ன டார்கெட் எட்டியதா, ஸ்டாப்லாஸ் அடித்ததா என்று ஒரு கட்டம் போட்டு அச்சடிக்க எவ்வளவு மை ஆகும்? ராசிபலன் எழுதுகிறவரும் இந்தக் கணக்கைத் தருவதில்லை. ஆனால், அவர் யாரையும் எக்ஸ்பைரி அன்று காலையில் பேங்க் நிஃப்டி கால் ஆப்ஷன் வாங்கச் சொல்வதில்லை.

2024-25லும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம்தான்; தொகை ஒரு லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. ஆனாலும் பத்திரிகைகளுக்குக் கவலை வேண்டாம். ஆண்டுக்கு ஆண்டு நஷ்டப்பட்டும் முக்கால்வாசிப் பேர் மறுபடி எஃப் அண்ட் ஓ-வுக்கே வருகிறார்கள் என்கிறது அந்த 2024 அறிக்கை. சந்தாவைப் புதுப்பிக்க வேறு ஆள் தேட வேண்டியதில்லை.