கேள்வி நம்முடையது, மின்சாரம் சூரியனுடையது

சோலார் பேனலின் டி.சி.யை ஏ.சி. ஆக்க ஓர் இன்வெர்ட்டர் போதாதா? அதற்கு எதற்கு ‘மல்டிலெவல்’?

மாடிக்கு ஒரே தாவலில் ஏறுவீர்களா? இரண்டு மட்ட இன்வெர்ட்டர் முழு வோல்டேஜையும் ஒரே தாவலாகத் தாண்டுகிறது. படிகள் கூடினால் அலை சைன் வளைவை நெருங்கும், ஃபில்டர் சிறுக்கும்.

மல்டிலெவல் வகைகளில் டயோடு கிளாம்ப், ஃப்ளையிங் கெபாசிட்டர், கேஸ்கேடு ஹெச்-பிரிட்ஜ்... உங்கள் ஓட்டு யாருக்கு?

மூன்று மட்டம் போதுமென்றால் டயோடு கிளாம்ப். 1981-இல் ஜப்பானின் நபே, தகாஹாஷி, அகாகி மூவரும் வெளியிட்டது. ஒவ்வொரு ஸ்விட்சும் பாதி வோல்டேஜைத் தாங்கினால் போதும். மட்டம் ஏற ஏற டயோடுகள் பெருகும், கெபாசிட்டர்களைச் சமமாக வைப்பதே பெரும்பாடாகிவிடும். ஃப்ளையிங் கெபாசிட்டரில் பெயரிலேயே செலவு இருக்கிறது.

சோலாருக்கு என் ஓட்டு ஹெச்-பிரிட்ஜுக்கே. ஒவ்வொரு பிரிட்ஜுக்கும் தனி டி.சி. வேண்டும் என்பதுதான் அதன் மீதுள்ள குறை. பேனல்களோ பிறக்கும்போதே தனித்தனி!

மூன்று பிரிட்ஜ் வைத்தால் எத்தனை படி?

சம வோல்டேஜ் கொடுத்தால் 7. அதையே 1:3:9 என்று கொடுத்தால் 27! ஆனால் சுமையின் பெரும்பங்கு பெரிய பிரிட்ஜின் தலையில் விழும். ஒரே மாதிரிப் பேனல்களுக்கு 7-தான் நல்லது.

இதெல்லாம் ஆய்வகத்தோடு சரியா?

புகளூர் தெரியுமல்லவா? அங்கிருந்து திருச்சூருக்கு 320 கிலோவோல்ட் டி.சி.யில் 2,000 மெகாவாட் கடத்தும் தடம் 2021-இலிருந்து இயங்குகிறது. கேரளத்தில் கொஞ்சதூரம் மண்ணுக்கடியிலும் போகிறது. இரு முனைகளிலும் நிற்பவை மாடுலர் மல்டிலெவல் கன்வெர்ட்டர்கள்.